ஆர்.எஸ்.எஸ்., ஓடை, சந்தா, பின்தொடர்: பட்டனில் எதை எழுதுவது?

தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால் வாசகருக்குத் தானாகத் தெரிய வேண்டும். அந்த வசதிக்கு ஒரு பட்டன் வைக்கப்போனால் நான்கு பெயர்கள் போட்டிக்கு வந்து நிற்கும்.

ஆர்.எஸ்.எஸ்.: தளத்தின் புதிய பதிவுகளை ஒரு பட்டியலாகச் செயலிகளுக்குத் தரும் கோப்பு வடிவம். 1999-ல் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப் வெளியிட்டபோது இது 'ஆர்.டி.எஃப். சைட் சம்மரி'. பிறகு 'ரிச் சைட் சம்மரி'. 2002-ல் 2.0 வந்தபோது 'ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்'. விரிவாக்கம்தான் மாறியதே தவிர, விஷயம் தெரியாதவருக்கு மூன்றுமே ஒன்றுதான். 2005-ல் ஆட்டம் என்ற இன்னொரு தரமும் சேர்ந்துகொண்டது (தமிழில் எழுதினால் விளையாட்டு என்றுதான் படிப்பார்கள்). இரண்டு இணைப்புகளையும் அருகருகே வைத்து வாசகரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் தளங்கள் உண்டு. தேவையே இல்லை, பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ரீடர் செயலிகள் இரண்டையும் படிக்கும், ஒன்று போதும். இதைவிடப் பெரிய சிக்கல், இணைப்பைத் தட்டினால் கூர் அடைப்புக்குறிகளோடு எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் குறிமொழி கொட்டும், அல்லது ஏதோ ஒரு கோப்பு இறங்கும். தளம் கெட்டுப்போய்விட்டது என்று வாசகர் மூடிவிட்டுப் போவார்.

ஓடை: ஆங்கிலத்தில் 'ஃபீட்'. ஆர்.எஸ்.எஸ்., ஆட்டம் என்று எந்தத் தரமானாலும் பொருந்தும் என்பது இதன் பலம். ஆனால் 'ஃபீட்' என்றாலே இன்று சமூக வலைத்தளத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் பட்டியல்தான் நினைவுக்கு வரும். ஃபயர்பாக்ஸின் ஆரஞ்சு ஐகானை மைக்ரோசாஃப்ட்டும் ஏற்றுக்கொண்டதால் அது பரவலானது. ஆனாலும் தெரிந்தவருக்குத்தான் அது ஓடை, மற்றவருக்கு ஏதோ சிக்னல் படம்.

சந்தா: பணம் கேட்கிறார்கள் என்ற எண்ணம் உடனே வரும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் 2021-ல் 'சப்ஸ்கிரைப்' பட்டனை 'ஃபாலோ' என்று மாற்றியது. கட்டணச் சந்தா அங்கே வந்ததும் அதே ஆண்டுதான். இலவச வசதிக்கு இந்தச் சொல் வேண்டாம்.

பின்தொடர்: என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. தனியாக நின்றால் கணக்கு தொடங்கச் சொல்கிறார்களோ என்று தோன்றும். 'புதிய பதிவுகளைப் பின்தொடர்' என்று முழுதாக எழுத வேண்டும். தட்டினால் நேரே எக்ஸ்.எம்.எல்.லுக்குப் போகாமல், ரீடர் செயலி ஒன்றை நிறுவுங்கள், இந்த முகவரியை நகலெடுங்கள், செயலியில் ஒட்டுங்கள் என்று மூன்று வரி சொல்லும் பக்கம் திறக்க வேண்டும்.

வினைச்சொல்லுக்கு ஒரு குறை உண்டு. ஏதாவது பழுதானால் 'எது' வேலை செய்யவில்லை என்று சொல்ல வாசகரிடம் பெயர்ச்சொல் இருக்காது. பயனர் தானே பார்த்து நிர்வகிக்க வேண்டிய பொருளானால் பெயர்ச்சொல்தான் சரி. உதாரணத்துக்கு, பாஸ்வேர்ட் இல்லாமல் விரல்ரேகை போன்றவற்றைக் கொண்டு உள்நுழைய வைக்கும் வெப்ஆதென் என்ற தரம் 2019-ல் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையானது. மக்களிடம் போனது 'பாஸ்கீ' என்ற பெயரில். பாஸ்வேர்டில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மாற்றியதால் எதற்குப் பதில் இது என்பது கேட்டதுமே புரிகிறது. கடவுச்சொல், கடவுச்சாவி என்று தமிழிலும் அதே பொருத்தம். பெயரால் தீராத குழப்பம் ஒன்றும் இருக்கிறது: விரல்ரேகைதான் சாவி, அது தளத்துக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரேகை சாதனத்தை விட்டு வெளியே போவதில்லை. உள்ளே இருக்கும் சாவியைப் பயன்படுத்த அனுமதி தருவதோடு அதன் வேலை முடிந்தது. இதை அமைப்புத் திரையிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ஆர்.எஸ்.எஸ். 2.0 போல எண் வைத்த பெயர்களும் உண்டு. அவற்றில் வைஃபை தேறிவிட்டது. 2018-ல் 802.11ஏசி வைஃபை 5 ஆகவும், 802.11ஏஎக்ஸ் வைஃபை 6 ஆகவும் மாறின. எது புதியது என்று குழந்தைக்கும் தெரியும். யுஎஸ்பியோ அதே 5 ஜிபிபிஎஸ் வேகத்தை 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயரில் அழைத்தது.

பட்டனில் வேண்டாம் என்றால், ஆர்.எஸ்.எஸ்.ஸின் இடம் பக்கத்தின் எச்.டி.எம்.எல். நிரலில், வாசகர் கண்ணில் படாத தலைப்பகுதியில் வரும் லிங்க் டேகுக்குள். அது இருந்தால் பல ரீடர்கள் தளத்தின் முகவரியை வைத்தே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். அந்த டேகின் டைட்டிலில் 'ஆர்.எஸ்.எஸ். 2.0' என்று விட்டுவிடாதீர்கள். செயலி காட்டும் பட்டியலில் அதுதான் தெரியும். பதிவுகளுக்கு ஒன்று, மறுமொழிகளுக்கு ஒன்று என்று இரண்டு ஓடை இருந்தால் எது எதுவென்று தெரியாமல் போகும்.