கிளட்சரா, சென்டர் கிளிப்பா, கொண்டை ஊசியா: எண்ணெய்த் தலையில் எது நிற்கும்?

வேலூர் லாங் பஜார் பக்கத்து ஃபேன்சி கடைகளில் கிளிப் வாங்க வருகிறவர்கள் அனேகமாக ஒரே சோதனைதான் செய்கிறார்கள். இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பது. ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் "நல்லா டைட்டா இருக்கு" என்று எடுத்துக்கொள்வார்கள். காலையில் எண்ணெய் வைத்து வாரிய தலையில் மாட்டினால், மத்தியானத்துக்குள் அது பிடரியில் தொங்கும். ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது என்பதைவிட, கிளிப்புக்குள் முடி எத்தனை இடத்தில் வளைந்து போகிறது என்பதில்தான் பிடி இருக்கிறது. இது என் கட்சி.

ஒற்றை முடியை எடுத்து, வேரிலிருந்து நுனிப்பக்கமாக இரு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேர்ப்பக்கம் இழுத்தால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல்செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நுனியைப் பார்த்து அடுக்கியிருப்பதால் இப்படி. கிளிப் இறங்குவதும் வேரிலிருந்து நுனிக்குத்தான், வழுக்குகிற அதே திசையில். அதன்மேல் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்தால் பிடி எவ்வளவு கூடும் என்பதற்குப் பொறியியலில் கேப்ஸ்டன் சமன்பாடு என்று ஒரு கணக்கு உண்டு. உராய்வுக் கெழு, அதாவது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதன் அளவு, 0.3 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அரைச் சுற்றில் பிடி சுமார் 2.5 மடங்கு, முழுச் சுற்றில் சுமார் 6.5 மடங்கு. எண்ணெயால் கெழு பாதியாகக் குறைந்தால், முழுச் சுற்று சுற்றியும் அதே 2.5 மடங்குதான் கிடைக்கும். எண்ணெய் வைக்கிறவர்களுக்கு இரட்டிப்பு வளைவு தேவை என்று அர்த்தம்.

குழந்தைகளுக்குப் போடும் டிக்-டாக் கிளிப் இந்தக் கணக்கில் கெட்டிக்காரத்தனமான சாமான். தகட்டின் இரு கைகளையும் இழுத்து முனையில் சேர்த்திருப்பதால் அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும்; இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 'டக்'கென்று மடங்கும், நடுவில் நிற்காது. முடி சட்டத்தின் மேலேறி, நடு நாக்கின் கீழே புகுந்து, மறுபடி மேலே வரும். ஆனால் மெல்லிய பத்தைக்குத்தான் இது ஆகும். பெரியவர்கள் ஒரு கொத்தைத் திணித்தால் மடங்கவே மடங்காது. காதோர முடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கறுப்பு ஹேர்பின்னில் ஒரு கால் நேர், இன்னொன்று நெளி. நெளிக்கால் தலையை ஒட்டி, கீழ்ப்பக்கம் வர வேண்டும். பலர் அழகுக்காக அதை மேலே வைக்கிறார்கள். ஒன்று நழுவினால் இரண்டாவதைப் பெருக்கல் குறியாகக் குறுக்கே செருகினால் நிற்கும். வாய் விரிந்துபோன பின்னைத் தூக்கிப் போடுங்கள். பல்லால் கடித்துச் சரிசெய்தாலும் பழைய விறைப்பு வராது.

சென்டர் கிளிப்பில் மூடுவது ஸ்பிரிங் அல்ல, கொக்கி. வளைந்த பட்டை ஒன்று உள்ளிருந்து முடியை மேலே தள்ளும். முடியின் அளவும் உள்ளிடமும் பொருந்திவிட்டால் நாள் முழுக்க அசையாது. பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது: முடி குறைந்தால் வழுக்கும், மிகுந்தால் கொக்கி மாட்டாது. குளித்த அன்று பொருந்துவது எண்ணெய் வைத்த அன்று தொளதொளக்கும். இதை வாங்கும்போது முடியோடு போட்டுப் பார்க்காமல் வாங்குவது வீண்.

இரு பக்கப் பற்களால் முடியைக் கவ்வும் கிளட்சருக்கு வருவோம். இன்று அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் உடைவதும் அதுதான். முடியை முறுக்கிச் சுருட்டி மாட்டும்போது, பிரிய முயலும் முறுக்கு பற்களை உள்ளிருந்து தள்ளுகிறது. பாதி வேலையை முடியே செய்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: மாட்டிய பிறகு இரு பக்கப் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றனவா? அடர்ந்த முடியில் சின்ன கிளட்சர் விரிந்தபடியே நிற்கும். ஸ்பிரிங் அப்போது இன்னும் பலமாகத்தான் அழுத்தும், ஆனால் பல் நுனிகள் சந்திக்காமல் முடியின் மேலேயே சறுக்கும். 'டைட்டா இருக்கு' சோதனை ஏமாற்றுவது இங்கேதான்.

உடைவது பெரும்பாலும் பல்லின் அடியில், கூர்மூலையாக வார்த்திருக்கும் இடத்தில். அந்த மூலையைக் கொஞ்சம் உருட்டி வார்த்தாலே ஆயுள் கூடும். கண்ணாடி போல மின்னும் மலிவு ரகங்களில் வரும் பாலிஸ்டைரீன் எண்ணெய் பட்டுப் பட்டு விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி தாங்கும். ஸ்பிரிங் சாதா இரும்பாக இருந்தால் நம் ஊர் வெயிலில் வழியும் வியர்வையே துருவேற்றப் போதும். யாராவது எனக்காக ஒன்று செய்வதாக இருந்தால், பற்கள் உள்நோக்கி வளைந்து, எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி அமைந்து, உள்புறம் சிலிக்கோன் பட்டையோடு, எவர்சில்வர் ஸ்பிரிங்கில் செய்யச் சொல்வேன். மேலே கல் பதிக்க வேண்டாம்.

கொண்டை ஊசிக்கு ஸ்பிரிங்கே இல்லை. ஏலகிரிக்கு ஏறுகிறவர்கள் 14 இடத்தில் சுற்றுகிற அதே வடிவம், அவ்வளவுதான். ஆனாலும் கனமான கொண்டைக்கு இதை வெல்ல ஒன்றுமில்லை என்பேன். என் நாத்தனார் கடைக்கு வந்த நர்சிங் மாணவி ஒருத்தி, "வலை போட்டாலும் டியூட்டி முடியறதுக்குள்ள கொண்டை சரியுதுக்கா" என்றாள். நாத்தனார் புதிதாக எதையும் எடுத்துக் காட்டவில்லை. "ஊசிய நேரா குத்தாத கண்ணு. கொண்டையோட ஓரத்துல கொஞ்சம் முடிய முதல்ல கோத்துக்கோ, தலைமுடியையும் துளி சேத்துக்கோ, அப்புறம் ஊசிய அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி உள்ள தள்ளு" என்று அவள் தலையிலேயே செய்து காட்டினார். திருப்புகிற அந்த நொடியில் ஊசியைச் சுற்றி முடி வளைகிறது. பிடி அங்கேதான் பிறக்கிறது. நாலு திசையிலும் நாலு ஊசி போதும், பூ வைத்தாலும் தாங்கும். கற்றுக்கொள்ள நேரமாகும் என்பதுதான் இதன் குறை. கிளட்சருக்கு அது தேவையில்லை.

வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் கிளட்சரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கழுத்தோரம் தாழப் பின்னி, கீழே சென்டர் கிளிப் மாட்டலாம். சி.எம்.சி.க்கு ஸ்கேன் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஹேர்பின், ஊசி எதுவும் கூடாது என்பது பலருக்குத் தெரியும். கிளட்சர் பிளாஸ்டிக்தானே என்று விட்டுவிடுவார்கள். அதற்குள்ளும் இரும்பு ஸ்பிரிங் இருக்கிறது. உலோகப் பூண் இல்லாத துணி ரப்பர் பேண்டு ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.