ஒரே கடலை மிட்டாய், இரண்டு வேலை: பாவ்லோவா, ஸ்கின்னரா?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டுத் தகரக் கூரை பறந்துபோனது. அக்கா மகனுக்கு அப்போது நாலு வயது. அப்புறம் பல மாதம், எங்கே தகரம் படபடத்தாலும் ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். 'அழாம இருந்தா கடலை மிட்டாய்' என்று ஆயா பேரம் பேசினார். அழுகை நின்றது. நடுக்கம் நிற்கவில்லை.

ஆயாவின் பேரம் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் வழி. செய்த செயலுக்குப் பலன் கிடைத்தால் அந்தச் செயல் பெருகும். அவருடைய சோதனையில் நெம்புகோலை அழுத்தித் தீனி பெற்ற எலி மறுபடி மறுபடி அழுத்தியது. பி.எட். படித்தவர்களுக்குச் 'செயல்படு ஆக்கநிலையுறுத்தம்' என்றால் புரியும். ஆனால் நடுக்கம் யாரும் வேண்டுமென்று செய்வதில்லையே? அது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கணக்கு. செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் வாங்கியவர். தீனியோடு சேர்ந்தே கேட்ட ஒலிக்கு, பிறகு தீனி இல்லாமலே அவருடைய நாய்களுக்கு எச்சில் ஊறியது. (எல்லாரும் மணியைச் சொல்வார்கள், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியும் வைத்திருந்தார்.) நாய்க்கு ஒலியோடு தீனி வந்தது, இவனுக்குத் தகரச் சத்தத்தோடு புயல் வந்தது.

இதற்கு மருந்து 1924-லேயே இருக்கிறது. முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும்போது, உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாக நெருக்கிக் கொண்டுவந்தார். அவசரப்பட்டால் தீனி மீதே பயம் தொற்றும். நாங்களும் அவன் மிட்டாய் மெல்லும் நேரத்தில் கொல்லைக் கடைசியில் ஒரு தகரத்தை மெல்லத் தட்டினோம். அதே மிட்டாய்தான், பரிசாக இல்லாமல் சத்தத்துக்குத் துணையாக. நடுக்கம் நிற்க இரண்டு மாதம் ஆனது.

பயத்துக்கு என் ஓட்டு பாவ்லோவுக்கு. அடத்துக்கு ஸ்கின்னர்தான். அவன் தங்கை சாப்பாட்டுக்குப் போன் கேட்டு அழுவாள். அழுதால் போன் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டவள். கொடுப்பதை நிறுத்தினோம். முதலில் அழுகை கூடியது. அது எதிர்பார்த்ததுதான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நாலாம் நாள் ஆயா மனம் இளகி நீட்டிவிட்டார். என்றைக்கோ ஒருநாள் கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும் என்பதும் ஸ்கின்னர் கண்டதே. முதலிலிருந்து தொடங்கினோம், இந்தமுறை ஆயாவின் போனையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு.