சென்னை கால்பந்து அணிகளின் சிறந்த கோச் மெட்டராசியா, கிரிகரியா, கொய்லா? கூடலூரிலிருந்து என் ஓட்டு அக்பர் நவாஸுக்கு

எங்கள் கூடலூரில் இரண்டு பக்கமும் கால்பந்து உண்டு. நாடுகாணி வழியாகச் சுரம் இறங்கினால் நிலம்பூர், அப்புறம் கோழிக்கோடு. ஊட்டி ஏறி, குன்னூர் தாண்டி, மேட்டுப்பாளையம் இறங்கினால் கோவை. 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்து லீக்கின் பட்டம் இந்த இரண்டு ஊர்களிலும் ஒரே சமயத்தில் முடிவானது. கோவையில் சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். கோழிக்கோட்டில் கோகுலத்துக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும். ஈஸ்ட் பெங்கால் சென்னை சிட்டியைவிட ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தது. எங்கள் செட்டில் நாலு பேர் அந்தப் பக்கம் இறங்கினார்கள், ஐந்து பேர் ஜீப்பில் கோவைக்கு வந்தோம்.

தொடக்கத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. காலரியில் என் கையில் ஃபோன். கோழிக்கோடு ஸ்கோரைப் பார்க்கும்போதெல்லாம் விரல் நடுங்கியது. இரண்டாம் பாதியில் சிட்டியின் ஸ்ட்ரைக்கர் மான்ஸியின் பெனால்டி, பிறகு டிஃபென்டர் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது, ஆனாலும் பட்டம் நமக்குத்தான். நள்ளிரவில் குன்னூரில் வண்டியை நிறுத்தி, வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றபடி கோச்சுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை.

என் தம்பி முறை உள்ள ஒருவன் மெட்டராசி கட்சி. 2015இல் மெட்டராசி கோச்சாக இருந்த சென்னையின் எஃப்சி, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) என்ற இன்னொரு லீக்கில் ஆடும் அணி, பட்டியலில் கடைசியில் கிடந்தது. சென்னை வெள்ளத்தில் தவிக்க, அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புனேவில் ஆடவேண்டி வந்தது. அதையும் 3-0 என்று ஜெயித்து, இறுதிப் போட்டியில் கோவாவை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்தார்கள். இஞ்சுரி டைமில் மென்டோசா அடித்த அந்தக் கோலை யாரால் மறக்க முடியும்? "அண்ணே, கப்பு கப்புதான்" என்பான். சரிதான். ஆனால் அந்த சீசனில் மென்டோசா மட்டும் 13 கோல்கள். அவர் போனதும் 2016இல் எட்டு அணிகளில் ஏழாவது இடம். ஒரு ஸ்ட்ரைக்கரின் காலில் நின்ற கப்பு அது.

அவருக்குப் பின் சென்னையின் எஃப்சிக்குக் கோச்சாக வந்த ஜான் கிரிகரி கணக்கு வேறு. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், திட்டம் போட்டு ஆடவைப்பார். 2018 மார்ச்சில் பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில், பெங்களூருவின் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்த பிறகு, கார்னர்களில் வந்த பந்தை நம் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளினார். தற்செயலாக அப்படி இரண்டு விழாது. பயிற்சியில் வியர்வை சிந்திய கோல்கள் அவை. வியாசர்பாடி தனபால் கணேஷ் நடுக்களத்தில் நின்று ஆடிய அணி அது என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். ஆனால் அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். சாம்பியன் அணி ஒரே வருடத்தில் அப்படிச் சரிந்தது எனக்கு இன்னும் ஆறாத வலி.

ஓவன் கொய்ல் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் அதே சென்னையின் எஃப்சிக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த அணியை எழுப்பி, இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். இடிந்த வீட்டைத் தூக்கி நிறுத்த அவரைவிட ஆள் இல்லை. 2023இல் திரும்பி வந்து ஒரு முறை பிளேஆஃப் காட்டினார், அடுத்த சீசனில் அதுவும் இல்லை.

இவர்கள் மூவரையும்விட, சென்னை சிட்டியின் கோச்சாக இருந்த அக்பர் நவாஸை நான் மேலே வைப்பதற்குக் காரணம் அந்தப் பட்டம் மட்டுமல்ல. மான்ஸியின் 21 கோல்கள் இல்லாமல் அது வந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த சீசனில் சிட்டியும் தடுமாறியது. ஆனால் அந்த அணியில் ஆடிய எட்வின் வான்ஸ்பால், அஜித் குமார், ரொமாரியோ ஜேசுராஜ் மூவரும் பிறகு ஐஎஸ்எல் போனார்கள். எட்வின் கொய்லின் அணியிலேயே ஆடினார். வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில் நம் பையன்களை நம்பி இறக்கினார் அந்தச் சிங்கப்பூர்க்காரர். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் போனால் கப்பும் போகும், பையன்கள் போகமாட்டார்கள்.

அதனால்தான் 2025இல் சென்னையின் எஃப்சி, இந்தியரான கிளிஃபோர்ட் மிராண்டாவைக் கோச்சாக அமர்த்தியபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். "பெரிய பெயர் இல்லையே" என்று டீக்கடையில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த அணியில் நம் நந்தகுமார் சேகரும் இருந்தார். பல வருடம் உதவிக் கோச்சாக உழைத்த சபீர் பாஷாவுக்கு 2022இல் இடைக்காலப் பொறுப்பு மட்டும்தான் கிடைத்தது. அவருக்கு முழு சீசன் ஒன்று தந்திருக்க வேண்டும் என்று அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அடுத்து யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஆட்டத்துக்கு முன் வரும் பதினோரு பெயர்களைத்தான். எங்கள் எஸ்டேட் மைதானத்தில், மழையில் வழுக்கும் சேற்றில், பத்து வயதுப் பையன் ஒருவன் இடது காலால் கார்னர் போட்டுப் பழகுகிறான். அவனுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர் ஒன்றாவது அந்தப் பட்டியலில் வரவேண்டும்.