‘டியூ டு’வா, ‘மே பி டியூ டு’வா?

ஆங்கிலத்தில் காரணம் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘டியூ டு’ பக்கம் போகிறது. விற்பனை குறைந்தது மழையால்தான் என்று அடித்துச் சொல்லும் தொடர் அது. எழுதியவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். ‘மே பி டியூ டு’ அதே மழையை ஊகமாக முன்வைக்கிறது: மழை காரணமாக இருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம்.

இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். புகைபிடித்தல் பற்றி அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 1964இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். ஆண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட் காரணம் என்று ஒளிவுமறைவின்றி எழுதியது. பெண்களைப் பற்றிய தரவு அவ்வளவு விரிவாக இல்லை. எனவே அதுவும் அதே திசையைக் காட்டுகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டது. அடுத்தடுத்த வாக்கியங்களில் இரண்டு விதமான உறுதி!

ஆனால் ‘மே’யோடு, ‘ஒருவேளை’ என்றே பொருள்படும் ‘பாஸிப்லி’யையும் ‘பெர்ஹாப்ஸ்’ஸையும் சேர்த்துக் கட்டுவது குடைக்குள் குடை பிடிப்பதுதான். அப்படி வரும் வரைவுகளில் நான் முதலில் அடிப்பது ‘பாஸிப்லி’யை.