புளொக்கர் டெம்ப்ளேட்டில் பிளகின் சோதிக்கும் கோட்: பழையதும் புதியதும்

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்துகிற கடந்தகால வினாத்தாள் தளம் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான புளொக்கரில்தான் இருக்கிறது. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எல்லாமே பிடிஎஃப். பார்க்கிற பிள்ளைகளில் அநேகமானோர் கையில் இருப்பது அம்மாவின் போன், அதுவும் கார்டு போட்டு வாங்கின டேட்டா. கொம்பியூட்டரில் பக்கத்துக்குள்ளேயே அழகாக விரிகிற வினாத்தாள் போனில் வெறும் சாம்பல் பெட்டியாக நிற்கும். அதனால்தான் பார்க்கிறவரின் பிரவுசருக்குப் பிடிஎஃப் காட்ட முடியுமா என்று முன்கூட்டியே சோதிக்கிற கோட் தேவைப்பட்டது. இரண்டு வகையைப் போட்டுப் பார்த்தேன்.

முதல் வகை, இணையத்தில் இன்னும் இலவசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற நீளமான பழைய ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடுகிற சின்ன நிரல்). பிளகின் என்றால் பிரவுசரோடு தனியாகச் சேர்க்கிற துணை மென்பொருள். பிளாஷ், ஜாவா, குயிக்டைம், சில்வர்லைட் என்று ஒவ்வொரு பிளகினாக, பிரவுசர் கொடுக்கிற 'நேவிகேட்டர் டொட் பிளகின்ஸ்' (navigator.plugins) பட்டியலில் தேடும், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்றால் அதன் சொந்தப் பிளகின் முறையான ஆக்டிவ்எக்ஸ் வழியாகக் கேட்கும். அந்தக் காலத்துக்கு நல்ல வேலைதான். ஆனால் குரோம் 2015லேயே அந்த வகைப் பிளகின்களைக் கைவிட்டது, பயர்பொக்ஸ் 2017இல் பிளாஷைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது, பிளாஷுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. இல்லாத சாமான்களைத் தேடுவதற்காகப் பிள்ளையின் டேட்டாவை ஏன் செலவழிக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய பிரச்சினை, எதுவும் கிடைக்காவிட்டால் "பிளாஷ் பிளேயரை நிறுவுங்கள்" என்று அது காட்டுகிற அறிவித்தல். பிளாஷ் என்ற பெயரில் வைரஸ் ஏற்றுகிற தளங்கள் எத்தனையோ வருடங்களாக இருக்கின்றன. தரம் ஐந்து பிள்ளை அந்த அறிவித்தலை நம்பித் தேடிப் போனால் யார் பொறுப்பு? இந்த ஒரு காரணத்துக்காகவே அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிடிஎஃப் விஷயத்திலும் அது தவறாகத்தான் பதில் சொல்கிறது. பிளகின் பட்டியலை வைத்து ஆட்களை அடையாளம் கண்டு பின்தொடர்ந்த தளங்களைத் தடுக்க, இப்போது பிரவுசர்கள் உண்மையான பட்டியலைக் கொடுப்பதில்லை. பிடிஎஃப் காட்ட முடிந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஐந்து பெயர்கள், முடியாவிட்டால் வெற்றுப் பட்டியல், அவ்வளவுதான். அந்த ஐந்தில் அடோபி ரீடர் இல்லை. அதனால் அந்தப் பெயரைத் தேடுகிற ஸ்கிரிப்ட், குரோம் தாராளமாகப் பிடிஎஃப் திறக்கிற கொம்பியூட்டரிலும் 'இல்லை' என்கிறது.

இரண்டாவது வகை ஒரே ஒரு கேள்வி: 'நேவிகேட்டர் டொட் பிடிஎஃப்வியூவர்எனேபிள்ட்' (navigator.pdfViewerEnabled), அதாவது இந்தப் பிரவுசரால் பிடிஎஃப் காட்ட முடியுமா என்பது. ஆம், இல்லை என்று நேரடியாகப் பதில். இதைத்தான் வைத்துக்கொண்டோம். கொம்பியூட்டர் குரோமில் யாராவது பிடிஎஃப்பைத் திறக்காமல் இறக்கும்படி செட்டிங்கை மாற்றியிருந்தாலும் அது 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். பழைய பிரவுசருக்கு இந்தக் கேள்வியே தெரியாது, அதையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் முதலில் தரவிறக்க இணைப்பையும் கோப்பின் அளவையும் மட்டும் எழுதி வையுங்கள், பதில் 'ஆம்' என்று வந்தால் மட்டும் வினாத்தாள் விரிகிற பெட்டியை ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் போனில் மறுபடியும் அதே சாம்பல் பெட்டிதான்.

டெம்ப்ளேட்டில் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புளொக்கரின் தீம் கோப்பு (டெம்ப்ளேட் என்பதும் இதுதான்) எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான வடிவத்தில் இருக்கிறது. அதனால் ஸ்கிரிப்டுக்குள் '&&' அல்லது '<' வந்தால் சேமிக்கவே விடாது, சிவப்பில் பிழை காட்டும். ஸ்கிரிப்ட் முழுவதையும் சிடேட்டா குறிக்குள் (<![CDATA[ என்பதற்கும் ]]> என்பதற்கும் நடுவில்) போட்டு, </body> என்ற மூடுகிற குறிக்குச் சற்று மேலே வைத்தால் சரி. அதற்கு முன் தீம் கோப்பை பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கூகுள் டிரைவின் முன்னோட்டத்தைப் பக்கத்தில் ஒட்டுகிறவர்களுக்கு இது எதுவும் வேண்டாம், பக்கங்களை டிரைவே வரைந்து காட்டிவிடும். எங்களைப் போல வேறு சேர்வரிலிருந்து நேரே பிடிஎஃப் கொடுக்கிறவர்களுக்குத்தான் இது. அப்புறம், வேறு தீம் போட்டால் கோட்டும் சேர்ந்தே போய்விடும், அதைத் தனியாக ஒரு நோட்பேட் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.