ஹம் அடிக்கும் ஹைபிரிட் ஆம்ப்: டியூபை மாற்றுவதற்கு முன்

என்னிடம் இருப்பது ப்ரீஆம்பில் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 டியூபும் (கண்ணாடி வால்வு), பவர் பகுதியில் டிரான்சிஸ்டர்களும் கொண்ட வீட்டு உபயோக ஹைபிரிட் கிட்டார் ஆம்ப். பல வருடமாக ஓடுகிறது. கிளீன் சானல் கொஞ்சம் தட்டைதான். ப்ரீஆம்பின் பெருக்கத்தைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றினால்தான் உள்ளே டியூப் இருப்பதே தெரியும். இந்த வகையில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. தொல்லை வேறு பக்கம் வந்தது. வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் அடியில் ஒரு 'ம்ம்ம்'. நாள் போகப் போகக் கூடியது.

யாரிடம் கேட்டாலும் "டியூபை மாத்திப் பாருங்க" என்பார்கள். ஹைபிரிட் ஆம்பில் மினுக்கிக்கொண்டு கண்ணில் படுவது அது ஒன்றுதான், பழியும் அதன் தலையில் விழுகிறது. காசு செலவழிக்கும் முன் கிட்டார் கேபிளைப் பிடுங்கிவிட்டு குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். கேபிளைப் பிடுங்கியதும் ஹம் நின்றால் குற்றவாளி கிட்டாரோ கேபிளோ. கெயினோடு ஏறி இறங்கினால் ப்ரீஆம்ப். அப்போது டியூபைச் சந்தேகிக்கலாம். மொத்த சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தும் அதே அளவில் உறுமினால், மாஸ்டருக்கு முன்னால் இருக்கும் டியூபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (சில மாடல்களில் மாஸ்டருக்குப் பின்னாலும் டியூப் உண்டு, சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) என் ஆம்ப் மூன்றாவது ரகம்.

அடுத்தது சுருதி. நம் வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தில் சேர்வதால் உண்டாகும் வளையம்), கேபிளின் ஷீல்டு அறுந்தது, டியூபின் ஹீட்டரிலிருந்து கேதோடுக்குக் கசிவது எல்லாம் பெரும்பாலும் 50-இல் முனகும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால், பவர் சப்ளையில் சரியாக வடிகட்டப்படாமல் மிஞ்சுவது 100-இல் வரும். அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், அதாவது ஜி, 98 ஹெர்ட்ஸ். ஆம்பில் சொருகாமல் அதைத் தட்டி, ஹம்மோடு சேர்த்துக் கேட்டேன். ஹம் ஒரு துளி மேலே நின்றது. இரண்டும் சேர்ந்து வினாடிக்கு இரண்டு முறை அலையடித்தன. போன் டியூனரும் ஜி-க்குச் சற்று மேலே காட்டியது. 50 ஹெர்ட்ஸ் என்றாலும் டியூனர் ஜி என்றுதான் சொல்லும், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே.

100 ஹெர்ட்ஸ், மாஸ்டரைத் தொட்டாலும் மாறாதது: இரண்டும் பவர் சப்ளையை வடிகட்டும் ஃபில்டர் கெப்பாசிட்டரைத்தான் காட்டின. இங்கே ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சில ஹைபிரிட் ஆம்புகளில் டியூபுக்குப் போகும் வோல்ட்டேஜ் 200-ஐத் தாண்டும். பழக்கமில்லாதவர்கள் இத்துடன் நிறுத்தி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. நான் 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை மெயின் கெப்பாசிட்டர்களின் கால்களுக்குக் குறுக்கே பிடித்து வடித்தேன். டியூப் சப்ளை உட்பட எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் போர்டில் கை வைத்தேன்.

பெரிய கெப்பாசிட்டர்கள் இரண்டு, 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது. இரண்டின் அடியிலும் பழுப்பாக ஒட்டியிருந்தது கசிவு இல்லை, தொழிற்சாலையில் ஆடாமல் இருக்க வைத்த பசை. அதையும் சுரண்டி எடுத்துவிட்டேன். பழசானால் அந்தப் பசையே கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகும்போது பழைய கெப்பாசிட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், உயரமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும். அதே மதிப்பில் 63 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கும் ரகம் வாங்கினேன். பிளஸ் சப்ளைக்கு ஒன்று, மைனஸ் சப்ளைக்கு ஒன்று என்பதால் இரண்டும் எதிரெதிர் திசையில் நிற்கலாம்; கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள். டியூப் இன்னும் பழையதுதான்.

அந்த உறுமல் அதன்பின் வரவில்லை. மிச்சம் இருப்பது வீட்டின் சத்தங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) 'ஜிர்'ரென்கிறது. கிட்டாரைப் பிடிக்கும் திசையை மாற்றினால் குறைகிறது. கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் கிளீன் சானலே கரகரக்கும், அப்போது நான் வாசிப்பதில்லை. லேப்டாப்போடு சேர்த்து ரெக்கார்டிங் செய்கையில் வரும் ஹம் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது, அது எர்த் லூப். அதற்காக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே ஏதாவது கோளாறானால் சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) வரும் 230 வோல்ட் கிட்டார் கம்பி வழியாக நேரே கைக்கு வரும். சிக்னல் வயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்.

செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரி ஆம்ப் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுவிட்டு மாஸ்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கி ஸ்பீக்கர் வலையருகே காதை வையுங்கள். அங்கே ஜி கேட்டால், கெப்பாசிட்டர் மாற்றும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.