நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்: பாவித்த பிறகு சொல்வது

விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம், படகுக்கு 15 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் எடுக்கலாமா என்று உப்புவெளி மச்சான் கேட்கிறான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது மண்ணெண்ணெயில் ஓடிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கைவிட்டு இதற்கு மாறியவர்களில் நானும் ஒருவன். எரிபொருள் சிக்கனம் உண்மைதான். சத்தமும் குறைவு. கொட்டியாரக்குடாவில் மெதுவாகப் போகையில் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கம், இருப்பவனோடு கத்தாமல் கதைக்கலாம். அந்தச் சுகத்தை நான் எதிர்பார்க்கவேயில்லை.

என் கோபமெல்லாம் எடையில். பழையதைவிட இது ஏறத்தாழ 15 கிலோ கூட. அதுவும் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. 18 அடிப் படகின் நடுவிலிருந்து 9 அடி பின்னால் 15 கிலோ ஏறினால், அதைச் சமன்செய்ய 6 அடி முன்னால் 22 கிலோவாவது வைக்க வேண்டும். விமானத்தில் எஞ்சினை மாற்றினால் திரும்ப எடை நிறுத்து, ஈர்ப்பு மையம் எங்கே வருகிறது என்று கணக்கெழுதாமல் பறக்க விடமாட்டார்கள். படகுக்கு யார் பார்க்கிறார்கள்? விற்றவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

பெற்றோல் தாங்கியை முன்னால் நகர்த்தி, நீளக் குழாய் போட்டேன். 25 லீற்றர் என்றால் 18 கிலோவுக்குக் கிட்ட. போகும்போது படகு அழகாக மட்டத்தில் ஓடும். திரும்பும்போது தாங்கி காலி, மீனும் படவில்லையென்றால் அணியம் எழும்பி முன்னால் ஒன்றும் தெரியாது. சரி, மண்மூட்டை வைக்கலாம் என்பார்கள். வைத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து கச்சான் காற்று தள்ளும்போது அணியம் அலைக்குள் குத்துகிறது, அது இன்னும் மோசம். எஞ்சினின் கீழ்க்கால் சாயும் கோணத்தை ஒரு துளை உள்ளே, பின்பலகைப் பக்கமாக, எடுத்தபோதுதான் ஓரளவு அடங்கியது. அப்படியும் வேகம் எடுக்கும்போது முரண்டு பிடிக்கும்.

போன மாதம் பழுதுபார்க்கக் கொடுத்தேன். அங்கே தவறான பக்கம் படுக்க வைத்ததில் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கி, முதல் நாள் முழுக்கப் புகை. பழைய இரண்டு ஸ்ட்ரோக்கை எப்படிப் போட்டாலும் கிடக்கும்.

மச்சான், உன் படகு என்னுடையதைவிடச் சின்னது, நீ தனியாகத்தான் போகிறாய். எடுக்காதே. என்னுடையதை விற்பேனா என்று மட்டும் கேட்காதே, தர மாட்டேன்.